ஆற்றுத் திருவிழாவுக்குப் பழசு: ஆயாவின் பட்டா, வாயில் புடவையா, சண்டே மார்க்கெட் சட்டையா?

பொங்கலன்று புதுத்துணி உடுத்தியாயிற்று. காணும் பொங்கலுக்கு அதையே இன்னொரு தரம் போட்டுச் சுற்றியும் வந்தாயிற்று. அடுத்து தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. கடலூரில் ஆல்பேட்டைப் பக்கத்துப் பெண்ணையாற்றங்கரை, புதுச்சேரியில் பாகூர் வட்டாரத்துச் சோரியாங்குப்பம் என்று ஆற்றின் இரு பக்கமும் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்கும் நாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் "நல்ல நாளும் அதுவுமா பழசையா கட்டுறது?" என்று தடுக்கிற பெரியவர்கள் இந்த நாளுக்கு அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் ஆயாவின் பட்டையோ, அப்பாவின் நாய்க்காது காலர் சட்டையையோ, புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்ததையோ போட்டுக்கொண்டு கிளம்ப இதைவிடத் தோதான நாள் கிடைக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் கண்ணாடி முன் நின்று, மேலே வைத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பழைய துணிக்கு அது போதாது. அழகு அதற்கு ஏற்கெனவே உண்டு. வலு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடி முன் ஒரு நிமிடம் நிற்பதற்கு எந்தத் துணியும் தாங்கும். ஆற்று மணலில் நடந்து, சப்பணமிட்டு உட்கார்ந்து, கூட்டத்தில் இடிபட்டு, டூவீலரில் ஏறி இறங்கி, ராத்திரி வீடு வருகிறவரை தாங்குமா என்பதை முன்கூட்டியே சோதித்துவிட வேண்டும். சோதனை எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

அந்த நாளில் துணிக்கு என்னென்ன நேரும் என்று முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மதியம் வெயில், சாயங்காலம் பனி. வியர்வை உண்டு. தீர்த்தவாரி பார்க்க நெருங்கினால் தண்ணீர் தெறிக்கும். கற்பூரத்தட்டு பக்கத்திலேயே போகும். மணல் கொசுவத்துக்குள்ளும் ஃபால்ஸ் மடிப்புக்குள்ளும் புகுந்து உள்ளிருந்து அரம் போல அராவும். எல்லாவற்றையும்விட மோசமானது தரையில் உட்காருவது. இடுப்பில் இறுக்கிச் செருகிய புடவையோடு சட்டென்று கீழே உட்காரும்போது முழு இழுப்பும் பின்பக்கத்தில் விழும். பழைய பட்டு கிழிவது பெரும்பாலும் அங்கேதான், முந்தானையில் அல்ல.

வீட்டுப் பட்டை அப்படியே கட்டுவது

கூரைப்புடவை என்றாலும் சரி, சீமந்தப் புடவை என்றாலும் சரி, 30, 40 வருடம் பெட்டியில் இருந்த பட்டை நேராக ட்ரை வாஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பகலில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் மேல் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் புடவையை ஒரு மீட்டர் ஒரு மீட்டராகப் பிரியுங்கள். உதறவே கூடாது. பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே உளுத்துப்போயிருக்கும். ஒரு உதறலில் கோடு முழுக்கப் பிளந்துவிடும்.

ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்து போலப் பொட்டுப்பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது விரல் சோதனை. மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், அந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், நடுவே ஓர் அங்குல இடைவெளி. மெதுவாக எதிரெதிரே இழுங்கள். நல்ல பட்டு நெளிந்து கொடுத்துத் திரும்ப வரும். உளுத்த பட்டு கடைசி நேரத்தில் மெல்லிய 'சர்'ரென்ற சத்தத்தோடு இழை விடும். இதை நான்கு இடத்தில் செய்ய வேண்டும்: தோளில் பின் குத்துகிற இடம், இடுப்பில் முதல் செருகல் விழும் இடம், பின்பக்கம், உடலும் முந்தானையும் சேரும் இடம். கோர்வைக் கரைப் புடவை என்றால் ஐந்தாவதாகக் கரையும் உடலும் பல் பல்லாகக் கோத்த அந்த ஓரத்தையும் பாருங்கள். கனத்த ஜரிகைக் கரை ஒரு பக்கம் இழுக்க, மெலிந்த உடல் இன்னொரு பக்கம் இழுக்க, அந்தக் கோர்வையில்தான் முதலில் வாய் பிளக்கும்.

நான்கு இடமும் தாங்கினால் கட்டலாம். மடிப்பில் மட்டும் இரண்டு மூன்று பொட்டு இருந்தால், உள்பக்கமாக அதே நிற மல் துணியில் விரலகலப் பட்டை வைத்துக் கைத்தையலில் ஓட்டிக்கொண்டு கட்டலாம். பின்பக்கமோ இடுப்போ 'சர்' என்றால், ஆற்றுக்கு வேண்டாம். ரபூ பண்ணி, அதாவது கிழிசலில் இழை கோத்து அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓட்டைக்கு ரபூ உதவும். உளுத்த துணியில் ரபூ இழை பலமாக, சுற்றியுள்ள இழை பலவீனமாக நின்று, ரபூவைச் சுற்றி வட்டமாகக் கிழியும்.

சோதனையில் தேறிய புடவைக்குச் செய்ய வேண்டியவை சில. நிழலில் இரண்டு நாள், தினம் மூன்று நான்கு மணி நேரம் காற்றாட விடுங்கள்; அந்துருண்டை வாசம் பாதி போய்விடும். மீதிக்கு சென்ட் அடிக்க வேண்டாம். சென்ட்டும் வியர்வையும் ஜரிகையைக் கறுக்கடிக்கும். பழைய ஃபால்ஸ் சுருங்கி, கரையைச் சுருக்கு விழ இழுத்துக்கொண்டிருந்தால் அதைப் பிரித்துவிட்டுப் புது ஃபால்ஸை ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, தேய்த்த பிறகு தையுங்கள். நனைக்காமல் தைத்தால் அதே கதை திரும்பவும் நடக்கும். இஸ்திரி போடுவதானால் உள்பக்கத்தில், மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, பட்டுக்குரிய குறைந்த சூட்டில். மெஷின் ரோலிங், பாலிஷ் எல்லாம் 40 வருடப் புடவைக்குக் கொடுப்பது வீண் துணிச்சல்.

கட்டும்போது வழக்கத்தைவிட இடுப்பில் தளர்த்திச் செருகுங்கள். சாட்டின் பாவாடை வேண்டாம்; புடவை வழுக்கி, மறுபடி மறுபடி இழுத்துச் செருக வேண்டி வரும். காட்டன் பாவாடைதான் பிடித்து நிறுத்தும். உயரத்தில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தூக்கியே கட்டுங்கள். கரை மணலில் புரளாது. பின் குத்தும் இடத்தில் பின்னுக்கும் பட்டுக்கும் நடுவே சின்னத் துணித்துண்டை மடித்து வையுங்கள். தோளில் ஒரே பின்னில் ஏழு மடிப்பைத் தொங்கவிடாமல் இரண்டு பின்னாகப் பிரித்துப் போட்டால் பளு பகிர்ந்து விழும்.

ரவிக்கைதான் பலருக்குத் தலைவலி. ஆயாவின் ரவிக்கை யாருக்கும் போதாது. பக்கத் தையலில் மார்ஜின் விட்டிருக்கிறார்களா என்று உள்ளே திருப்பிப் பாருங்கள். நான்கு அடுக்கிலும் அரை அங்குலம் பிரித்தால் சுற்றளவில் 2 அங்குலம் கிடைக்கும். ஆனால் பிரித்த இடத்தில் பழைய தையல் துளை வரிசையாகத் தெரியும், துணி நிறமும் அங்கே ஒரு மடங்கு அடர்த்தியாக இருக்கும். கை தூக்கினால் அக்குள் இறுகும் என்றால் பக்கம் பிரித்துப் பயனில்லை. கைக்குழி சிறியது என்று பொருள். புதுக் காட்டன் ரவிக்கை ஒன்று போட்டுக்கொண்டு போய்விடலாம். பழைய பட்டுக்கு அதே நிற ரவிக்கை தேடி அலைய வேண்டாம், கிடைக்காது. எதிர்நிறமோ அரக்கோ எடுத்தால் எடுபடும். வெளிர் நிறம் எடுக்குமுன் ஒரு சோதனை: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து புடவையின் உள்மூலையில் ஒரு நிமிடம் அழுத்துங்கள். சாயம் ஏறினால், வியர்வையில் ரவிக்கைக்கும் ஏறும்.

இத்தனைக்கும் பிறகு நேர்மையாகச் சொன்னால், தேறிய பட்டையும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவதைவிட, அன்று மாலை திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ கட்டுவதே மேல். பட்டு நனைந்தால் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். பருத்தி நேர்மாறு: நனைந்தால் இன்னும் பலமாகும். ஆற்றுக்குப் போகிற நாளில் இந்த ஒரு வேற்றுமை போதும், பெட்டியின் இன்னொரு மூலையைத் தேட.

அந்த இன்னொரு மூலை

பழசு என்றதும் எல்லாருக்கும் பட்டு மட்டுமே நினைவுக்கு வருகிறது. அதே பெட்டியில் சுங்குடி, கண்டாங்கி, வாயில் புடவை, கட்டம் போட்ட கைத்தறி என்று ஒரு குவியல் இருக்கும், யாரும் தொடுவதில்லை. இந்த நாளுக்கு எங்கள் முதல் சிபாரிசு அதுதான். அப்பா, தாத்தா சட்டைகளுக்கும் இதே கணக்கு. புதுச்சேரிக்காரர்கள் ரோடியர் மில் என்று சொன்ன ஏ.எஃப்.டி. ஆலை 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்டது. அந்த மில் துணியில் தைத்த சட்டை எதுவும் வீட்டில் மிஞ்சியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒன்று இனி நெய்யப்போவதில்லை.

பருத்தியில் பார்க்க வேண்டியது வேறு. கஞ்சி போட்டு அப்படியே வைத்த துணியைப் பூச்சி அரித்திருக்கும். மடிப்பில் ஒழுங்கற்ற ஓரத்தோடு சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். மஞ்சள் கறை பரவலாக இருந்தால் அது பழைய கஞ்சியும் வியர்வையும்; பெரும்பாலும் வெளுத்துவிடும். கறுப்புப் புள்ளி பூஞ்சை. போகாது, அதைக் கொசுவத்துக்குள் தள்ளிக் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

முதல் நாள் இரவு வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள். அழுக்கு நிறத்தில் தண்ணீர் இறங்கும். அது சாயம் என்று பயப்பட வேண்டியதில்லை, பழைய கஞ்சிதான். காலையில் பூந்திக்கொட்டைத் தண்ணீரிலோ மென்மையான சோப்பிலோ அலசுங்கள். வாசம் விடாவிட்டால் கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர். பிழிந்து முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி இப்படி: ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி ஜவ்வரிசியைக் கண்ணாடியாகும் வரை காய்ச்சி, வடிகட்டி, 4 லிட்டருக்கு நீர்க்க விட்டால் ஒரு புடவைக்கு அளவான மொரமொரப்பு. 20 வருடம் தாண்டிய துணிக்கு இதில் பாதிதான் கெட்டி இருக்க வேண்டும். மொடமொடவென்று கஞ்சி ஏற்றினால் இஸ்திரி மடிப்பில் இழை ஒடியும். நிழலில் உலர்த்தி, ஈரம் சற்று மீதி இருக்கும்போதே தேயுங்கள்.

பண்டிகைக் களை வேண்டுமே என்றால் அங்கே ஆயாவின் பட்டை அழைத்துக்கொள்ளலாம். சோதனையில் தேறாத பட்டின் முந்தானையிலிருந்து ரவிக்கை தைத்து, வாயில் புடவைக்குப் போடுங்கள். உள்ளே காட்டன் லைனிங் முழுக்கக் கொடுத்தால் இழுப்பை லைனிங் வாங்கிக்கொள்ளும், பட்டு சும்மா மேலே கிடக்கும். கனகாம்பரம் வைத்துக்கொண்டு இப்படிக் கிளம்பினால், முழுப் பட்டு கட்டியவரைவிட நன்றாகவே இருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதே குவியலில் நைலக்ஸும் பாலியஸ்டரும் கிடக்கும். பூப்போட்ட நைலக்ஸ் இப்போது சின்னப் பெண்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கசங்காது, கிழியாது, சாயமும் போகாது. இரண்டு குறை: வியர்வையை உறிஞ்சாது, தீயைத் தாங்காது. கற்பூரப் பொறி பட்டால் பருத்தியும் எரியும்தான், ஆனால் நைலான் உருகித் தோலில் ஒட்டும். நைலக்ஸ் கட்டினால் தீபாராதனைக்கு முன்வரிசை வேண்டாம். துணி எது என்று சந்தேகமாக இருந்தால் உள்மடிப்பிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையும் நசுக்கினால் பொடியாகும் கரியும் பட்டு. காகித வாடையும் சாம்பலும் பருத்தி. உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டால் நைலானோ பாலியஸ்டரோ.

வெட்டித் தைப்பது

சோதனையில் தோற்ற பட்டுக்கு மட்டுமே கத்தரி. நன்றாக இருக்கிற புடவையை 'லெஹங்கா ஆக்கிவிடலாம்' என்று வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அத்தை, பெரியம்மா யாருக்கும் அதில் பாத்தியதை உண்டா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு வரும் சண்டைக்கு ரபூ கிடையாது.

புடவை அகலம் சாதாரணமாக 45-இலிருந்து 48 அங்குலம். நீளவாக்கில் பாதியாக மடித்து வைத்திருந்தால், நடுவே 23 அங்குலத்தில் ஒரு மடிப்புக் கோடு முழு நீளத்துக்கும் ஓடும். அதுதான் முதலில் உளுக்கும் கோடு. பெரியவருக்குப் பாவாடை தைத்தால் இந்தக் கோடு சரியாகத் தொடையருகே விழுந்து, உட்காரும்போது கிழியும். உள்ளே மல் துணிப் பட்டை வைத்துத் தைக்காமல் டெய்லர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குழந்தை இருக்கிற வீட்டில் வேறு வழி இருக்கிறது. இருபக்கமும் கரை உள்ள புடவையை அந்த நடுக்கோட்டிலேயே இரண்டாக வெட்டினால், கீழே கரையோடு 23 அங்குல உயரத்தில் இரண்டு நீளத்துண்டு. இரண்டு அங்குல இடுப்புப்பட்டி சேர்த்தால் சுமார் 5 வயதுப் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை உயரம் வந்துவிடும். சுருக்கத்துக்கு இரண்டரை முதல் 3 மீட்டர் போதும். குறுக்கு மடிப்புகள் எங்கெங்கே விழுகின்றன என்று பார்த்து, அந்த இடங்களில் வெட்டி இணைத்தால் உளுத்த கோடுகள் எல்லாம் தையலுக்குள் மறைந்துபோகும். ஒரே புடவையில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் தைத்துவிடலாம். மிஞ்சுகிற முந்தானையில் சட்டை. குறை ஒன்றுதான்: வளர்ந்தால் இறக்கிவிட டக் பிடிக்க உயரம் மிஞ்சாது, ஒரு வருடத்துக்குத்தான் வரும்.

லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். ஒட்டும் கேன்வாஸைப் பழைய பட்டில் சூடு வைத்து ஒட்டக் கூடாது என்று டெய்லரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஓவர்லாக் மட்டும் போட்டு விட்டால் உளுத்த பட்டு தையலோரமாக உதிரும். லைனிங்கோடு சேர்த்து இரட்டைத் தையல் வேண்டும். இதையெல்லாம் மார்கழி முதல் வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பொங்கல் நெருக்கத்தில் டெய்லர் கடையில் 'ஆல்ட்டர்' என்று வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவர்கள் மேல் குற்றமும் இல்லை.

சண்டே மார்க்கெட்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் நடைபாதையில் விரியும் கடைகளைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலூரிலிருந்து போகிறவர்களுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். ஆண்களுக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கும் இதுதான் சரியான இடம். புடவை தேடி அங்கே போகாதீர்கள்.

குவியலில் எக்ஸ்போர்ட் மிச்சமும் ஒரு கை மாறிய துணியும் கலந்தே வரும். லேபிளைக் குறுக்கே வெட்டியிருந்தாலோ கோடு கிழித்திருந்தாலோ அது பெரும்பாலும் கழித்த எக்ஸ்போர்ட் சரக்கு. உடுத்தாத துணி, ஆனால் எங்கோ ஒரு பழுது இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. உடுத்திய துணிக்குக் காலர்தான் சாட்சி. காலரைத் தூக்கி உள்மடிப்பைப் பாருங்கள்: மடிப்பு மட்டும் வெளுத்து, கீழே அடர்த்தியாக இருந்தால் நிறைய நாள் போட்ட சட்டை. கைமுனை மடிப்பில் வெள்ளை இழை எட்டிப் பார்த்தால் இன்னும் நான்கு சலவைதான் ஆயுள். அக்குளில் துணி விறைத்து மஞ்சளாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். எந்தப் பவுடருக்கும் அது போகாது. ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுங்கள். பொருபொருவென்று சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது. ரெக்சின் ஜாக்கெட், பளபளப்பான பை, ரப்பர் பிரிண்ட் எல்லாவற்றையும் விரலால் அழுத்துங்கள். கடற்காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சு பிசுபிசுத்து, உரியத் தொடங்கியிருக்கும்.

போட்டுப் பார்க்க இடமில்லை. எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்பவும் முடியாது. நாட்டுக்கு நாடு அளவு மாறும். வீட்டில் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், தோள்தையலிலிருந்து தோள்தையல், பின் உயரம் என்று மூன்று அளவைப் போனில் எழுதிக்கொண்டு, ஓர் இஞ்ச் டேப்பையும் எடுத்துப் போங்கள். தோள் பெரிதாக இருந்தால் ஆல்ட்டர் செலவு சட்டை விலையைத் தாண்டிவிடும். உயரமும் பக்கமும் மட்டும் என்றால் சுலபம்.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பீரோவில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் தனியாக வையுங்கள். பிறகு காட்டனை 60 டிகிரி சூட்டில் வாஷிங் மெஷினிலோ, கொதிக்கும் தண்ணீரிலோ அலசுங்கள். சொறிப் பூச்சியும் மூட்டைப்பூச்சியும் இதற்கு மேல் தங்காது. ரேயானைக் கொதிநீரில் போட்டால் குழந்தைச் சட்டையாகத் திரும்பி வரும். அதற்குப் பை, வெயில், சாதாரண அலசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாரக் கணக்கைச் சேர்த்துத்தான், ஆற்றுத் திருவிழாவுக்கு என்றால் மார்கழி மூன்றாம் வாரத்துக்குள்ளாவது மார்க்கெட் போய்விட வேண்டும்.

இணையத்தில் வாங்குவதும் இரவலும்

இன்ஸ்டாகிராமில் பழைய புடவை, சட்டை விற்கும் பக்கங்களில் தேர்வு நன்றாக இருக்கும், படமும் அழகாக இருக்கும். தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் மேலே சொன்ன விரல் சோதனையே நடக்காது. பகல் வெளிச்சத்தில் மடிப்பு, அக்குள், பின்பக்கம் மூன்றுக்கும் கிட்டத்துப் படம் கேளுங்கள். புடவை என்றால் மடிப்பை இழுத்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று வைத்தே வாங்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் கூரியர் நிற்கும், அதனால் மூன்று வாரம் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். வாடகைக்கு எடுப்பது மணலுக்குச் சரிப்படாது, முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அக்கா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணியிடம் இரவல் வாங்குவது நல்லதுதான், ஆனால் இரவல் பட்டைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார மனசு வராது, நின்றே கால் வலிக்கும்.

யாருக்கு எது

நாள் முழுக்க ஆற்றங்கரையில் என்றால் பழைய பருத்திப் புடவை, பட்டு ரவிக்கை. சாமி பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்புகிறவர் என்றால், தேறிய பட்டைக் கட்டலாம், ஆனால் கார் வேண்டும். டூவீலரில் பழைய பட்டு முந்தானை பறந்தால் சக்கரத்தில் சிக்கும் ஆபத்தோடு, இழுபட்டுக் கிழியும் ஆபத்தும் சேரும். டூவீலர்தான் வழி என்றால் முந்தானையை முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இடுப்பில் இருந்தால் பட்டே வேண்டாம், கொலுசும் கால் உதையும் போதும் அதை முடிக்க. ஆண்களுக்கு நாய்க்காது காலர் சட்டையும் எட்டு முழ வேட்டியும் அருமையான சேர்க்கை; மடித்துக் கட்டினால் மணல் தொல்லையே இல்லை. பெல்பாட்டம் ஆசை இருந்தால் அதை ஜூலை 14 பாஸ்டில் தினத்தன்று சாயங்காலம் புதுச்சேரி பீச் ரோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அங்கே வண்டியும் விடுவதில்லை, தரையும் வழவழப்பு, புரண்டாலும் பரவாயில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினமோ வைத்திக்குப்பமோ போகிறவர்கள் பட்டையும் ஜரிகையையும் மறந்துவிட வேண்டும். ஆற்றுத் தண்ணீரைத் துடைத்துவிடலாம், உப்புத் தண்ணீர் துணியிலேயே தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

செருப்பைச் சொல்லாமல் விட முடியாது. பழைய உடைக்குப் பொருத்தமாக, பல வருடம் டப்பாவில் வைத்திருந்த செருப்பையும் எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் என்றால் அது போடாமலே இற்றுப்போயிருக்கும். ஈரக் காற்றின் வேலை. கட்டைவிரல் நகத்தால் குதிகாலில் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மாவாக உதிர்ந்தால் ஆற்றுக்கு நடுவே வெறுங்காலோடு நிற்க வேண்டி வரும். பையில் ஊசி, நூல், நான்கு பின், இரண்டு முழ மல் துணி போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் கிழிந்தால் அந்த மல் துணியை உள்ளே வைத்து ஓட்டிவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் மடித்து வைக்காதீர்கள். கொடியில் ஒரு வேட்டியைப் போட்டு அதன்மேல் புடவையை நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மணல் நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்தில் தேய்த்தால் இழைக்குள் இறங்கும். ஃபால்ஸின் இரு முனையிலும் ஓர் அங்குலம் பிரித்து உள்ளே சேர்ந்த மணலைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தையுங்கள். பழைய மடிப்பில் மடிக்காமல் இரண்டு விரல்கடை தள்ளி மடித்து, காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால், இன்னொரு தை வரும்போது அதே விரல் சோதனையில் தேறும். அந்துருண்டை ஜரிகையில் படாமல் இருக்கட்டும். காய்ந்த வேப்பிலையோ வசம்போ சின்னத் துணி முடிச்சில் போதும்.

எந்தச் சோதனையிலும் தேறாமல், வெட்டவும் முடியாமல் போன பட்டை என்ன செய்வது? 'பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்' என்று போர்டு வைத்திருப்பவர்கள் ஜரிகைக்காகத்தான் வாங்குகிறார்கள். அசல் ஜரிகை என்றால் பட்டு நூல்மேல் வெள்ளித் தகடு சுற்றி, அதன்மேல் தங்க முலாம். கரையின் ஓர் இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு நூலும் மேலே வெள்ளி மினுக்கும் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். தகடே செம்பு நிறமாக இருந்தால் அரை அசல், பிளாஸ்டிக் போல நீண்டு வந்தால் ஒன்றும் தேறாது. கரையை வெட்டி எடுக்காமல் முழுப் புடவையாகக் கொண்டுபோங்கள். இரண்டு கடையில் விலை கேட்டு, எரித்துப் பார்க்கிறேன் என்று முந்தானையில் கை வைப்பதற்கு முன்பே விலையைப் பேசிவிடுங்கள்.